தொலைதூர லாரி ஓட்டிக்கொண்டே எடையைக் குறைத்தவர்கள் இருக்கிறீர்களா?

நீள்சாலை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. உயரம் 172 செ.மீ., எடை 108 கிலோ. பத்தொன்பது ஆண்டுகளாகத் தொலைதூர லாரி ஓட்டுகிறேன். ஸ்டியரிங் பிடித்த முதல் ஆண்டில் 71 கிலோ இருந்தேன். ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஏறியதே தெரியவில்லை.

போன வாரம் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். பெல்ட்டின் கொக்கி வயிற்றில் புதைந்து மூச்சு முட்டியது. எழுந்திருக்க டயரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கை முழுக்கக் கரி. அந்தக் கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு நடை போனால் வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் கிளம்பும் அவசரத்தில் சாப்பிடுவதில்லை. பகல் முழுக்கச் சீட்டுக்குப் பக்கத்தில் சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம். தூக்கம் வந்தால் எதையாவது மென்றுகொண்டே ஓட்டுவது பழக்கம். இரவு வண்டியை ஓரங்கட்டிய பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கேபினில் சாய்ந்துவிடுவேன்.

இதற்கு முன் மூன்று முறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கிலோ இறங்கி, அடுத்த ஆண்டுக்குள் அதற்கு மேலேயே ஏறிவிட்டது. ஜிம்முக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு என்கிறார்கள். லோடு இறக்கும் இடத்தில் நான்கு மணி நேரம் என்று சொல்லிப் பதினோரு மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். நேரம் என் கையில் இல்லை. இந்த வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தார்ப்பாய்:

தம்பி, நானும் உங்கள் ஜாதிதான். 26 ஆண்டு ஓட்டம். 117 கிலோவிலிருந்து 88-க்கு வந்தேன். இரண்டே கால் ஆண்டு பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக 90-ஐத் தாண்டவிடாமல் வைத்திருக்கிறேன்.

ஓட்டும்போது கை எட்டும் இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் வயிற்றுக்குள் போகும். மன உறுதி வேண்டும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறு மணி நேரம் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனின் கை தானாகப் பக்கத்தில் போகும். அங்கே சிப்ஸ் இருந்தால் சிப்ஸ், வெள்ளரிக்காய் இருந்தால் வெள்ளரிக்காய், தண்ணீர் மட்டும் இருந்தால் தண்ணீர்.

ஒரு நாள் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். பதினான்கு காலிப் பாக்கெட்டுகள் வந்தன. ஒரே நடையில் தின்றவை. சிலவற்றில் இன்னும் உப்புத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றின் பின்புறம் அச்சிட்டிருந்த கலோரியை உட்கார்ந்து கூட்டினேன். மூன்று வேளைச் சாப்பாட்டைத்தான் சாப்பாடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இது எந்தக் கணக்கிலும் வராமல் உள்ளே போயிருக்கிறது.

முதல் மாதம் ஒன்றை மட்டும் செய்தேன். குளிர்பானத்தை நிறுத்தினேன். சாதாரண கோலா 500 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 53 கிராம் சர்க்கரை, 210 கலோரி. நாளைக்கு மூன்று பாட்டில் குடித்துக்கொண்டிருந்தேன், ஆக 630. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதத்துக்கு இரண்டரைக் கிலோ என்று கணக்கு சொல்லியது. எனக்கும் ஏறத்தாழ அவ்வளவு இறங்கியது. சோற்றில் கை வைக்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வைத்த வரம்பின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். ஒரே பாட்டில் அதைத் தாண்டிவிடுகிறது.

அடுத்த நடை கிளம்புமுன் கேபினைத் துடைத்துக் காலி செய்யுங்கள். தின்பண்டம் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். வண்டியை நிறுத்தினால்தான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தாலே பாதி குறைந்துவிடும்.

கற்பாதை:

இவ்வளவு கணக்கெல்லாம் தேவையில்லை நண்பரே. நான் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகிறேன். மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் மாலை ஏழுக்குத்தான். ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைந்தேன். சாப்பிடாமல் ஓட்டுவதால் தூக்கமும் வருவதில்லை. நீங்களும் நாளையே தொடங்குங்கள்.

இரவுப்பணிச் செவிலி:

கற்பாதை அவர்களுக்கு அது ஒத்துப்போனதில் மகிழ்ச்சி. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் "நாளையே தொடங்குங்கள்" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. நான் செவிலியராக வேலை செய்கிறேன்.

நீள்சாலை, உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா? மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர் சாப்பாட்டை விட்டால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், என்ன செய்கிறோம் என்பதே குழம்பும். வீட்டில் இருப்பவர் உட்கார்ந்துவிடலாம். நீங்கள் நாற்பது டன்னை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த மாத்திரை என்று தெரியாமல் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்விகள். குறட்டை விடுவீர்களா? சட்டைக் காலர் அளவு எவ்வளவு? எடையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காமல் பதில் சொல்லுங்கள்.

நீள்சாலை:

சர்க்கரை இல்லை அம்மா, எட்டு மாதத்துக்கு முன் பார்த்தேன். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை.

கழுத்தை இப்போதுதான் அளந்தேன், 45 செ.மீ. குறட்டை உண்டு. நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது, பயந்துபோய் உலுக்கி எழுப்புகிறேன் என்று மனைவி பல முறை சொல்லியிருக்கிறாள். எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் தலை கனக்கும். லாரி ஓட்டுகிறவனுக்கு அசதி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரவுப்பணிச் செவிலி:

எடையைப் பற்றிப் பேசுமுன் இதைப் பாருங்கள். ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ.க்கு மேல் இருந்தால், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் "ஸ்லீப் ஆப்னியா" இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மனைவி பார்த்தது அதையாகவே இருக்கக்கூடும். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளை உங்களை அரைகுறையாக எழுப்புகிறது. உங்களுக்கு நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவராகத்தான் வண்டியில் ஏறுகிறீர்கள்.

தூக்கம் குறைந்தால் பசி கூடும். சிகாகோவில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் மாவும் உப்புமாகத் தின்ன ஆசை எழுந்தது. இரண்டே இரவுகளில் இப்படி. உங்களுக்கு எத்தனை ஆண்டுகளாக இது நடக்கிறதோ! தூக்கம் வந்தால் மென்றுகொண்டே ஓட்டுவதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும்தான் கேட்கத் தோன்றியது.

சோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே ஒரு இரவு கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கும் சோதனையும் இருக்கிறது.

மைல்கல்:

இந்த இடத்தில் நான் பேசியாக வேண்டும். இதே நோயை இரண்டு ஆண்டுகள் மறைத்தேன். உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும் என்ற பயம். ஒரு விடியற்காலை, ஓரக்கோட்டில் போட்டிருக்கும் மேடுகளில் சக்கரம் ஏறித் தடதடவென்று அதிர்ந்தபோதுதான் கண் திறந்தேன். எத்தனை விநாடி தூங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த பாதையில் ஒரு சிறிய கார் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் குழந்தையின் பொம்மை ஒன்று தெரிந்தது.

மறுநாளே மருத்துவரிடம் போனேன். சில வாரங்கள் ஓட்ட முடியவில்லை என்பது உண்மைதான். பிறகு முகமூடி போட்டுக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி தந்தார்கள். அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறேன் என்று உறுதியானதும் திரும்ப ஓட்ட அனுமதித்தார்கள். விதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி சிறியதுதான்; கேபினில் படுக்கைக்குத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கருவி போட்டதால் மட்டும் எடை இறங்கிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காலையில் தெளிந்த தலையோடு எழுகிறவனால்தான் அன்று என்ன சாப்பிடுவது என்று யோசிக்க முடிகிறது. மறைக்காதீர்கள் சகோதரரே.

அளவுகோல்:

நான் ஓட்டுநர் அல்ல. என் அப்பா ஓட்டினார். 58 வயதில் மாரடைப்பில் போனார். அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. அமெரிக்காவில் 2010-இல் தொலைதூர லாரி ஓட்டுநர்கள் 1,670 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேருக்கு உடல்பருமன் இருந்தது. அதே நாட்டில் வேலை செய்யும் மற்றவர்களிடம் அது 31 சதவீதம்.

அதற்கும் வெகு முன்பே ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே சாலை. ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1953-இல் எழுதினார். ஓட்டுநர்கள் முதலிலேயே பருத்தவர்களோ என்ற கேள்வி வந்தது. உடனே அவர் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த இளைஞர்களிடமே அந்த வித்தியாசம் தெரிந்தது. 1956-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆனாலும் இடுப்பளவு ஒன்றாக இருந்தவர்களை ஒப்பிட்டபோதும் ஓட்டுநர்களுக்கே நோய் அதிகம் வந்தது. எடை ஒரு பக்கம், அசைவு இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கு: மிஃப்லின் சூத்திரப்படி 108 கிலோ, 172 செ.மீ., 43 வயது ஆணுக்குச் சும்மா படுத்திருந்தாலே நாளைக்கு 1,945 கலோரி செலவாகும். உட்கார்ந்த வேலைக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,330. நாளைக்கு 1,800 என்று சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும். அதற்குக் கீழே அவசரப்பட வேண்டாம்.

வைகறை:

அப்படியானால் சாப்பாட்டைக் குறைப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரம் நடந்தாலே போதாதா? எனக்கு நடப்பது பிடிக்கும், பசியோடு இருப்பது பிடிக்காது.

அளவுகோல்:

நடையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே வரும். நூறு கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவுக்கு மேல் சுமார் 125 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். தார்ப்பாய் அண்ணா சொன்ன குளிர்பானத்தில் பாதிப் பாட்டிலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில். இதயமும் இரத்தச் சர்க்கரையும் முதுகும் தேறுவது நடையில். சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. எனவே நடங்கள், ஆனால் அதைக் காட்டிக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

தார்ப்பாய்:

எங்கே நடப்பது என்று யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சுற்றித்தான். என் ட்ரெய்லரின் நீளம் பதினாறரை மீட்டர், அகலம் இரண்டரை. ஒரு சுற்று 38 மீட்டர் வருகிறது. 26 சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டர். சரக்கை விட்டு அகல வேண்டியதில்லை, இருட்டில் தெரியாத இடத்துக்குப் போக வேண்டியதில்லை. எண்ணிக்கை தப்பாமல் இருக்கச் சட்டைப்பையில் 26 கூழாங்கற்கள் வைத்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒன்றை முன்பம்பரின் மேல் வைப்பேன். சுற்றும்போதே டயர், கயிறு, விளக்கு எல்லாம் கண்ணில் படும். தளர்ந்திருந்த ஒரு சக்கர நட்டை அப்படித்தான் கண்டுபிடித்தேன். பளபளக்கும் பாதுகாப்பு மேல்சட்டையை மட்டும் மறக்காதீர்கள். வண்டிகள் திரும்பும் பக்கத்தில் மிகக் கவனம் வேண்டும்.

மலைப்பாதை:

பெண் ஓட்டுநர், ஒன்பது ஆண்டு அனுபவம், 22 கிலோ குறைத்தவள். அண்ணன்மார் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: தண்ணீர்.

சுத்தமான, பயமில்லாத கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் நான் பல ஆண்டுகள் தண்ணீரே குடிக்காமல் ஓட்டினேன். காலையில் ஒரு வாய், மாலையில் வண்டியை நிறுத்திய பிறகு ஒரு குடம். சிறுநீர்த் தொற்று மூன்று முறை வந்தது, ஒரு முறை சிறுநீரகக் கல். இந்தக் கல் வலியை எதிரிக்கும் விரும்ப மாட்டேன். பகலில் எழுந்த தாகத்தைப் பசி என்று நினைத்துத் தின்றுகொண்டே இருந்தேன். ஆண் ஓட்டுநர்களும் நிறுத்த நேரமில்லை என்று இதையேதான் செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

இப்போது எனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். போகும் வழிகளில் எந்த இடத்தில் கழிப்பறை நன்றாக இருக்கிறது, எந்த நேரத்தில் திறந்திருக்கும், வெளிச்சம் உண்டா என்று எழுதிவைக்கிறேன். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் பயமில்லாமல் குடிக்கலாம். நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு டம்ளர் என்று கணக்காகக் குடிக்கிறேன். இறங்குகிறேன், போய்விட்டு வருகிறேன், பத்து நிமிடம் நடக்கிறேன். என் நடைப்பயிற்சியின் பாதி இப்படித் தண்ணீரால் வந்ததுதான்.

இரவில் இறங்குவது பாதுகாப்பில்லாத இடங்களில் கேபினுக்குள்ளேயே செய்கிறேன். ரப்பர் பட்டையை எதிர்ச் சீட்டின் காலில் மாட்டி இழுப்பது, படுக்கையின் விளிம்பில் கையூன்றி எழுவது, சீட்டில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுவது. பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள். முதல் வாரம் எட்டு முறை எழுந்ததற்கே தொடை நடுங்கியது.

இன்னொன்று. கேபினிலிருந்து குதிக்காதீர்கள். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடிப்பு இருக்க வேண்டும். எடை அதிகமாக இருக்கும்போது குதித்தால் முழங்கால்தான் போகும். முழங்கால் போனால் நடையும் போய்விடும்.

வாசல்விளக்கு:

நான் ஓட்டுநரின் மனைவி. வீட்டில் நடக்கும் தவறை யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டேன். என் மாமியாரும் அப்படித்தான். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏற்றி அனுப்புவோம். அன்பு என்றால் அதுதான் என்று நினைத்தோம். மருத்துவர் அவருடைய கல்லீரல் பரிசோதனைத் தாளைக் காட்டிப் பேசிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அவர் வீட்டில் இருக்கும் இரண்டு நாளில் எல்லோரும் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடுகிறார். சமைத்துத் தருகிற ஆசையை வழிக்கான டப்பாக்களில் தீர்த்துக்கொள்கிறேன். வேகவைத்த முட்டை, கொண்டைக்கடலை, கோழி, காய்கறி, கொஞ்சம் சோறு. ஒவ்வொரு டப்பாவிலும் நாளும் வேளையும் எழுதி ஒட்டுகிறேன். பின்னால் சாப்பிட வேண்டியவற்றை உறையவைத்து அடியில் அடுக்குகிறேன், முதல் நாளுக்கானவை மேலே. வண்டியில் சிறிய குளிர்பெட்டி இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் வண்டியின் மின்சாரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். நாங்கள் பார்க்காமல் வாங்கி ஒன்றை எரித்துவிட்டோம்.

சமைத்த உணவை வெயில் அடிக்கும் கேபினில் வெளியே வைக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் தூக்கி எறிந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு மனசு வராது. ஆனால் வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் யார் பார்ப்பது?

ஐந்து நாளுக்குத்தான் டப்பா. அதற்குப் பிறகு வெளியில்தான் சாப்பிடுகிறார். அந்த ஐந்து நாளே பெரிய வித்தியாசம் தருகிறது.

அளவுகோல்:

இந்த டப்பாக்களுக்குச் சாதகமாக ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்டது. 20 பேரை ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் சமைத்த உணவும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். பாக்கெட் உணவு வாரங்களில் நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள். சமைத்ததில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள்.

நீள்சாலை (ஆறு வாரம் கழித்து):

எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். சோதனை செய்துகொண்டேன். மணிக்கு 38 முறை மூச்சு நிற்கவோ குறையவோ செய்கிறதாம். 30-க்கு மேல் போனாலே கடுமையானது என்றார்கள். மூன்று வாரம் வண்டி எடுக்கவில்லை. கடன் தவணை ஒன்று தள்ளிப்போனது, அந்த வேதனையை எழுத வேண்டாம். இப்போது கருவியோடு தூங்குகிறேன். நான்காம் நாள் காலை விழித்தபோது தலை கனக்கவில்லை. ஏதோ மறந்துவிட்டது போல இருந்தது. கனமில்லாமல் எழுவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. செவிலி அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குளிர்பானத்தை விட்டுவிட்டேன். கேபினைக் காலி செய்தேன், அண்ணா. இடுக்கில் பதினொரு பாக்கெட். இன்றைய எடை 103.4.

எடை பார்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். லோடு ஏற்றும் கிடங்கில் பெட்டிகளை எடை போடும் மேடைத் தராசு இருக்கும். அதே கிடங்குக்குப் போகும்போதெல்லாம் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிறேன். அங்கே வேலை செய்யும் பையன் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகவே எழுதுகிறான்.

மைல்கல்:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. கருவியின் முகமூடியை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் மூக்கோரம் புண்ணாகும்.

அளவுகோல்:

நல்ல தொடக்கம். முதலில் இறங்கியதில் ஒரு பகுதி நீர். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறும். அடுத்த மாதம் வேகம் குறைந்தால் மனம் தளராதீர்கள். இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தில் பாதி, அதாவது உங்களுக்கு 86 செ.மீ., அதற்குள் கொண்டுவருவதை இலக்காக வையுங்கள்.

நீள்சாலை (ஐந்தாம் மாதம்):

96-இல் நின்றுவிட்டது. ஐந்து வாரமாக அசையவில்லை. அதே டப்பா, அதே 26 சுற்று. முன்பு மூன்று முறையும் இந்த இடத்தில்தான் விட்டேன். இந்த முறை விடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

அளவுகோல்:

96 கிலோ உடலுக்கு 108 கிலோ உடலின் செலவு இல்லை. அதே சூத்திரப்படி இப்போது ஏறக்குறைய 2,190; முன்பைவிட 140 குறைவு. அதற்கும் மேல், டப்பாவுக்கு வெளியே ஏதாவது மெல்ல மெல்ல உள்ளே வந்திருக்கும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான். மூன்று நாள் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள், டீயில் போடும் சர்க்கரை உட்பட.

நீள்சாலை:

எழுதிப் பார்த்தேன். டீதான். குளிர்பானத்தை விட்டதற்குப் பதிலாக நாளைக்கு ஒன்பது டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. 72 கிராம். மலைத்துப்போனேன்.

இரவுப்பணிச் செவிலி:

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிவிடும். மாலைக்குப் பிறகு டீயே வேண்டாம். காஃபீன் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கஷ்டப்பட்டு மீட்ட தூக்கத்தை அது கெடுத்துவிடும். எடை குறைந்திருப்பதால் இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். எழும்போது தலை சுற்றினால் உடனே போங்கள்.

நீள்சாலை (பத்தாம் மாதம்):

இப்போது 89.2. இடுப்பு 99 செ.மீ., இன்னும் 13 இறங்க வேண்டும். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கருவி தொடர்கிறது, அடுத்த மாதம் மறுபடியும் சோதனை. எடை குறைந்தவர்களில் சிலருக்குக் கருவி தேவைப்படாமல் போகிறதாம், சிலருக்குத் தொடர்ந்து வேண்டியிருக்கிறதாம். எனக்கு எதுவானாலும் சரி.

புதுச்சக்கரம்:

ஐயா, முழு இழையையும் படித்தேன். நான் ஓட்ட வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் 6 கிலோ ஏறிவிட்டது. ஒரு சந்தேகம். டப்பா தீர்ந்துவிட்டது, லோடு இறக்க வரிசையில் நிற்கிறோம், இன்னும் ஒன்பது மணி நேரம் ஆகும் என்கிறார்கள், பக்கத்தில் சிப்ஸ் விற்கும் பெட்டிக்கடை மட்டும்தான் இருக்கிறது. அன்று என்ன செய்வீர்கள்?

நீள்சாலை:

தம்பி, அது மாதம் இரண்டு முறையாவது நடக்கும், எனவே முன்பே தயாராக இருங்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்டியில் உப்புப் போடாத வறுத்த வேர்க்கடலை ஒரு டப்பா, டின்னில் அடைத்த மீன் இரண்டு, ஓட்ஸ் ஒரு பை எப்போதும் வைத்திருக்கிறேன். கெடாதவை. கடலையைக் கை நிறைய அள்ளாதீர்கள், நூறு கிராமில் 580 கலோரிக்குக் குறையாது. ஒரு பிடி போதும். வெந்நீர் கிடைத்தால் ஓட்ஸ், கிடைக்காவிட்டால் மீன்.

சாப்பிட்டுவிட்டு வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணிக்கொண்டு தூங்கிவிடுங்கள். பின்னால் நிற்பவரிடம் எழுப்பச் சொல்லுங்கள், அவர் எழுப்புவார். அப்படியும் பெட்டிக்கடைக்குப் போக நேர்ந்தால் ஒரே ஒரு சிறிய பாக்கெட் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு வாருங்கள். கேபினுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள்.

உங்கள் எடையும் உயரமும் எவ்வளவு? காலர் அளவையும் எழுதுங்கள்.